ஒரே பிடி, பல பெயர்கள்: உள்ளரங்க ஏற்றச் சுவரின் பிடிவகைகள்

உள்ளரங்கப் பாறையேற்றச் சுவரில் பொருத்தப்பட்ட ஒரு பிடியை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு கைகளும் சேர்ந்து பற்றும் அளவுக்குப் பெரியது. அதன் மேல்விளிம்புக்குப் பின்னால் நான்கு விரல்களும் முழுமையாக இறங்கும் ஆழமான பள்ளம் இருக்கிறது. முதல்முறை ஏற வருபவர்கூட அதைப் பற்றித் தொங்கியபடி இளைப்பாறலாம். நடுவிலுள்ள ஒரே போல்ட்டைத் தளர்த்தி, பிடியைக் கால்வட்டம் திருப்பி மீண்டும் முடுக்கினால், அதே பள்ளம் பக்கவாட்டை நோக்கும். இப்போது அதைப் பயன்படுத்த உடல் முழுவதையும் எதிர்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். இன்னொரு கால்வட்டம் திருப்பினால் பள்ளம் தரையை நோக்கும். ஏறுபவரின் இடுப்பு ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வரும்வரை அது கைக்கு உதவாது. பொருளில் எந்த மாற்றமும் நிகழவில்லை. ஆயினும் இந்த மூன்று நிலைகளையும் ஏறுபவர்கள் ஜக், சைடுபுல், அண்டர்கிளிங் என்று மூன்று பெயர்களால் அழைக்கிறார்கள்.

புதியவர்களுக்கான அறிமுகங்கள் பெரும்பாலும் பிடிவகைகளைப் படங்களோடு வரிசையாகத் தருகின்றன. அந்த வரிசை தவறானதன்று. சுவரின் முன் நின்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள அந்தச் சொற்கள் இன்றியமையாதவை. ஆனால் ஒரு பிடி எந்த வகை என்பதை அதன் வடிவம் பாதிதான் முடிவு செய்கிறது. மீதியை அது நோக்கும் திசையும், சுவரின் சாய்வும், ஏறுபவரின் உடல் இருக்கும் இடமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதைப் படவரிசை சொல்வதில்லை. ஓராண்டு காலம் ஏறிப் பழகியவர்கள்கூட ஒரு பிடியை ‘மோசமானது’ என்று ஒதுக்கிவிட்டு இறங்கிவிடுவதற்கு இந்த விடுபடலே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

பிடிகளைத் திருப்பவும் இடம் மாற்றவும் முடிவது ஏற்றச் சுவர்களுக்குத் தொடக்கத்திலேயே வாய்த்த வசதி அன்று. 1964 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டான் ராபின்சன், அங்கிருந்த ஒரு நடைக்கூடத்தின் சுவரில் பாறைத்துண்டுகளைப் பதித்து ஏற்றப் பயிற்சிக்கான சுவர் ஒன்றை உருவாக்கினார். மழையிலும் குளிரிலும் வெளியே பாறை ஏற முடியாத யார்க்‌ஷயர் ஏறுநர்களுக்கு அது வரமாக அமைந்தது. ஜான் சிரெட் போன்றவர்கள் அந்த நடைக்கூடத்தில் விரல்களைப் பழக்கிக்கொண்டு பின்னர் அப்பகுதியின் கரடுமுரடான மணற்பாறைகளில் பெயர் பெற்றார்கள். ஆனால் அந்தப் பிடிகள் சுவரோடு ஒன்றியவை. மாற்ற முடியாத ஒரு பிடிக்கு வகைப் பெயர் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ‘மூலையில் இருக்கும் அந்தச் சின்ன விளிம்பு’ என்று சொன்னாலே எல்லோருக்கும் விளங்கிவிடும்.

1980களில் பிரான்ஸில் இந்த நிலை மாறியது. பிரான்சுவா சவிஞியும் அவர் நிறுவிய ஆந்த்ர்-பிரீஸ் நிறுவனமும் பிசினில் வார்த்த, போல்ட்டால் சுவரில் பூட்டக்கூடிய பிடிகளைப் பரவலாக்கினார்கள். பிளைவுட் பலகையில் ஒழுங்கான இடைவெளிகளில் துளையிட்டு, பின்பக்கத்தில் டி-நட் எனப்படும் மரைகளை அறைந்துவிட்டால், எந்தத் துளையிலும் எந்தப் பிடியையும் எந்தத் திசையிலும் பூட்டலாம். ஐரோப்பாவில் 10 மில்லிமீட்டர் போல்ட்டும் அமெரிக்காவில் முக்கால் அங்குலத்தின் பாதியான 3/8 அங்குல போல்ட்டும் வழக்கத்துக்கு வந்தன. அமெரிக்காவின் முதல் வணிக ஏற்றக்கூடம் 1987 இல் சியாட்டிலில் திறக்கப்பட்டது. அதன்பின் பாதை அமைப்பவர் என்றொரு தனித்தொழிலே உருவாயிற்று. அறுகோணச் சாவியும் துளைக்கருவியுமாக ஏணியில் ஏறி, பழைய பாதைகளைக் கழற்றிப் புதியவற்றை அமைக்கும் அவர்கள் நாள்தோறும் புழங்கவேண்டியிருந்ததால்தான் பிடிகளின் பெயர்கள் இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்தன என்று சொல்லலாம்.

தொடக்ககாலப் பிடிகளைச் செதுக்கியவர்கள் பாறையையே நகலெடுக்க முயன்றார்கள். இன்று நாம் வகைகளாகச் சொல்பவற்றில் பலவும் வெவ்வேறு பாறைகளின் இயல்பிலிருந்து வந்தவை. ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் நீர் அரித்த சிறு துளைகள் நிறைந்திருக்கின்றன; பாக்கெட் எனும் பிடியின் பிறப்பிடம் அத்தகைய பாறை. பாரிஸுக்குத் தெற்கே ஃபொந்தெனெபுளோ காட்டின் மணற்பாறைகள் உருண்டு வழுவழுத்த தலைகளைக் கொண்டவை; ஸ்லோப்பர் பிடிப்பவர்கள் அவற்றைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கிரீஸின் கலிம்னோஸ் தீவில் சுண்ணாம்பு நீர் வடிந்து வடிந்து உருவான தூண்கள் போன்ற அமைப்புகளை இரு பக்கமும் அழுத்தித்தான் ஏற முடியும். பிஞ்ச் பிடியின் மூல வடிவம் அது.

இந்தப் பிடிகள் செய்யப்படும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செதுக்குநர் முதலில் இறுகிய நுரைப்பாளத்தில் கத்தியாலும் அரத்தாலும் உருவத்தை வெட்டுகிறார். அதன்மேல் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்து, அச்சில் பிசினை வார்க்கிறார்கள். முன்பு பாலியெஸ்டர் பிசின் பயன்பட்டது. அது கனமானது, விளிம்பில் உடையக்கூடியது. இப்போது பெரும்பாலும் பாலியூரித்தேன் பயன்படுகிறது. எடை குறைவு, எளிதில் உடையாது. நுரையின் மணிகள் எவ்வளவு பெரியவையோ அவ்வளவு சொரசொரப்பு பிடியின் மேற்பரப்பில் பதிகிறது. ஆகவே ஒரு பிடியின் உராய்வு அது செதுக்கப்படும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

ஜக் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குவளையின் கைப்பிடி போல விரல்கள் உட்சென்று கொக்கியாக மாட்டிக்கொள்ளும் எந்தப் பிடியும் ஜக்தான். அதில் விரல்களை இறுக்கவே வேண்டியதில்லை என்பதைப் புதியவர்கள் உணர்வதில்லை; அச்சத்தால் உயிரைப் பிடித்துக்கொள்வது போல அதைப் பிடித்து, பாதிச் சுவரைத் தாண்டுமுன்பே முன்கை வீங்கி நிற்கிறார்கள். கையை நீட்டி, எலும்பின் பலத்தில் தொங்கக் கற்றுக்கொள்வதே ஜக் பிடியில் பெறவேண்டிய பாடம்.

விரல்நுனிகள் மட்டும் அமரும் அகலமுள்ள விளிம்புகளிடம் வந்தால் பேச்சு நீள்கிறது. இவற்றைப் பொதுவாக எட்ஜ் என்றும், மிகச் சிறியவற்றைக் கிரிம்ப் என்றும் சொல்கிறார்கள். விரல்வலிமையை அளக்கும் பயிற்சிப்பலகைகளில் 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள விளிம்பு பொது அளவாக நிலைத்துவிட்டது. கடினமான பாதைகளில் அதில் பாதிகூட இல்லாத விளிம்புகள் சாதாரணம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கிரிம்ப் என்ற சொல் பிடிக்கும் பெயர், கைநிலைக்கும் பெயர். ஒரே விளிம்பை மூன்று விதமாகப் பிடிக்கலாம். விரல்களின் நடுமூட்டை ஏறக்குறைய நீட்டிவைத்து நுனிகளால் மட்டும் கொக்கியிடுவது திறந்த கைநிலை. நடுமூட்டை ஏறக்குறைய செங்கோணத்தில் மடக்குவது அரைக் கிரிம்ப். அதற்கும் மேலாக மடக்கி, நுனிமூட்டைப் பின்பக்கமாக வளையவிட்டு, கட்டைவிரலைச் சுட்டுவிரலின் மேல் பூட்டுப் போலப் போடுவது முழுக் கிரிம்ப். மூன்றாவது நிலையில் பிடி மிக உறுதியாகத் தோன்றும். மிகச் சிறிய விளிம்பிலும் உடலைச் சுவரோடு ஒட்டி இழுக்க முடியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

விரல்களை மடக்கும் வலிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் இரண்டு தசைநாண்களில் ஒன்று விரலின் நடு எலும்பிலும் மற்றது நுனி எலும்பிலும் சென்று பொருந்துகிறது. இந்த நாண்கள் எலும்பைவிட்டு விலகாதபடி, தூண்டில்கோலில் நரம்பைப் பிடித்துவைக்கும் வளையங்களைப் போல, ஐந்து வளையத் தசைநார்கள் கட்டிவைத்திருக்கின்றன. இவற்றை ஏ1 முதல் ஏ5 வரையிலான கப்பிகள் என்று மருத்துவர்கள் குறிக்கிறார்கள். அடிவிரல் எலும்பின்மேல் அமைந்த ஏ2 கப்பியும் நடு எலும்பின்மேல் அமைந்த ஏ4 கப்பியும் மிக முக்கியமானவை. நடுமூட்டு எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு விசையோடு நாண் இந்தக் கப்பிகளை எலும்பிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. 2006 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கீட்டின்படி, விரல்கள் நீட்டிய ஸ்லோப்பர் நிலையில் ஏ2 கப்பிமீது விழும் விசை கிரிம்ப் நிலையில் விழுவதைவிட 36 மடங்கு குறைவு. கால் வழுக்கிச் சட்டென்று முழு எடையும் கையில் இறங்கும் நொடியில் கப்பி அறுந்தால், அருகில் நிற்பவருக்கும் கேட்கும்படியான ஒலி எழுவதுண்டு. மோதிரவிரலே அதிகம் பாதிக்கப்படுகிறது.

ஏறத் தொடங்கிய சில மாதங்களிலேயே தசைகள் வலுப்பெற்றுவிடும். நாணும் கப்பியும் அவ்வளவு விரைவாக வலுப்பெறுவதில்லை. தசை தாங்குகிறது என்பதால் விரலும் தாங்கும் என்று நம்பி முழுக் கிரிம்பிலேயே ஏறிப் பழகுவது, புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகவும் விலை கொடுக்கவைக்கும் பிழை. எலும்பு வளர்ச்சி முடிவடையாத பதின்வயதினருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவர்களுக்குக் கப்பி அறுவதற்கு முன்பாகவே விரலின் நடு எலும்பிலுள்ள வளர்ச்சித்தட்டு முறியக்கூடும். வளரும் பிள்ளை நடுவிரலின் நடுமூட்டு வலிக்கிறது என்று சொன்னால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுவதே பெற்றோரின் கடமை.

ஸ்லோப்பருக்கு விளிம்பும் கிடையாது, பள்ளமும் கிடையாது. கவிழ்த்த சட்டியின் அடிப்பகுதியைப் போல உருண்டு சரிந்திருக்கும். விரல்கள் மாட்டிக்கொள்ள ஏதுமில்லாததால் தோலுக்கும் பிடிக்கும் இடையிலான உராய்வே முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. பள்ளிப் பாடத்தில் வரும் சாய்தளக் கணக்கே இங்கேயும் செல்லும். உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், நேர் கீழ்நோக்கி இழுக்கும் கை ஏறக்குறைய 27 பாகைச் சரிவுவரை வழுக்காமல் நிற்கும். அதைத் தாண்டினால் எவ்வளவு பலம் இருந்தாலும் வழுக்கும். அதாவது ஸ்லோப்பரில் இழுக்கும் திசை, இழுக்கும் அளவைவிட முக்கியம். உடல் பிடிக்குக் கீழே தாழ்ந்து, இடுப்பு சுவரோடு ஒட்டியிருக்கும்போது கையின் இழுப்பு பெரிதும் கீழ்நோக்கியே அமைகிறது, பிடி தாங்குகிறது. உடல் உயர உயர எடை கால்களுக்கு மாறி, கையின் இழுப்பில் வெளிநோக்கிய பங்கு மிகுகிறது. சற்றுமுன் பாறையாக உறுதி தந்த அதே பிடி நழுவத் தொடங்குகிறது. ஸ்லோப்பரில் தோற்பவர்கள் பெரும்பாலும் கைவலிமை குறைவால் தோற்பதில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இடுப்பு இரண்டு விரற்கடை வெளியே போனதால் தோற்கிறார்கள்.

உராய்வு என்றதும் மக்னீசியம் கார்பனேட் தூளையும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி வீரராகவும் இருந்த அமெரிக்கர் ஜான் கில் 1950களில் அதைப் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தார். அது பசைபோல ஒட்டவைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வியர்வையை உறிஞ்சுகிறது, அவ்வளவே. பிடிமீது தடிமனாகப் படிந்துவிட்ட தூள் உராய்வைக் குறைக்கிறது. அதனால்தான் பொறுப்புள்ள ஏறுநர்கள் தூரிகையோடு வந்து, தாங்கள் பயன்படுத்திய பிடியைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர நகரங்களில் இருப்பவர்களுக்கு ஸ்லோப்பர்கள் காலையில் ஒரு விதமாகவும் நடுப்பகலில் வேறு விதமாகவும் தோன்றுவதன் காரணமும் இதுவே.

பிஞ்ச் பிடியில் கட்டைவிரலுக்கு முதன்முறையாகச் சமபங்கு கிடைக்கிறது. மற்ற நான்கு விரல்கள் ஒரு பக்கமும் கட்டைவிரல் எதிர்ப்பக்கமும் நின்று நெரிக்க வேண்டும். ஒடுங்கிய பிஞ்சைக் காட்டிலும் கை விரிந்து பற்றவேண்டிய அகலமான பிஞ்ச் சிலருக்கு மிகக் கடினமாகவும் சிலருக்கு எளிதாகவும் இருப்பது உள்ளங்கையின் நீளத்தைப் பொறுத்தது. இரண்டு கைகளும் தனித்தனிப் பிஞ்சுகளாக இல்லாமல், ஒரு பெரிய உருவத்தின் இரு பக்கங்களையும் வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தினால் அதைக் கம்ப்ரெஷன் என்கிறார்கள். பனையேறி மரத்தைக் கைகளால் அணைத்து, அந்த அணைப்பின் இறுக்கத்தில் கால்களை மேலே இழுத்துக்கொள்வதை ஒருமுறையேனும் பார்த்தவருக்கு இந்த அசைவை விளக்க வேண்டியதில்லை. விரல்களைவிட மார்பும் தோளும் உழைக்கும் பிடி இது.

பாக்கெட் என்பது விரல்களை எண்ணி அனுமதிக்கும் துளை. மூன்று விரல், இரண்டு விரல், ஒரே விரல் என்று அது சுருங்கும். ஒரு விரல் துளையை மோனோ என்பார்கள். விரல்களை மடக்கும் ஆழ்தசையின் நாண்கள் முன்கையில் ஒன்றோடொன்று இணைந்தே இயங்குவதால், ஒரு விரல் பலமாக இழுக்கும்போது அருகிலுள்ளவை மடங்கி நின்றால், உள்ளங்கைக்குள் அந்த நாண்களிலிருந்து புறப்படும் லம்ப்ரிக்கல் எனும் சிறுதசை எதிரெதிர்த் திசைகளில் இழுபட்டுக் கிழியக்கூடும். கிரிம்பில் கப்பி அறுவது போலப் பாக்கெட்டுக்கு உரிய காயம் இது. ஜெர்மனியின் வொல்ஃப்காங் கியுலிக் இந்தப் பிடிக்காகவே தம் உடலைத் தயாரித்தவர். 1988 வாக்கில் நியூரம்பெர்கிலுள்ள கேம்பஸ் எனும் உடற்பயிற்சிக் கூடத்தில் மரச்சட்டங்களை ஏணிப்படிகள் போல அறைந்து, கால் வைக்காமல் கைகளால் மட்டும் தாவி ஏறும் பலகையை அவர் அமைத்தார். கேம்பஸ் பலகை என்ற பெயர் அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே வந்தது. அந்தப் பயிற்சியின் பலனாக 1991 இல் ஃபிராங்கன்யூராவில் ஒரு விரலும் இரு விரலும் மட்டுமே நுழையும் துளைகள் கொண்ட ‘ஆக்‌ஷன் டைரக்ட்’ பாதையை முதன்முதலாக ஏறி முடித்தார். இன்றைய உள்ளரங்கக் கூடங்களில் ஒரு விரல் துளைகள் அருகிவிட்டன. காயத்தை எண்ணி அவற்றைத் தவிர்க்கும் பாதை அமைப்பாளர்களின் முடிவு சரியானது என்பதே என் எண்ணம்.

இதுவரை சொன்னவை வடிவத்தால் வந்த பெயர்கள். திசையால் வரும் பெயர்களில் சைடுபுல்லையும் அண்டர்கிளிங்கையும் தொடக்கத்திலேயே பார்த்தோம். அண்டர்கிளிங் பிடி முகவாய்க்கு மேலே இருக்கும்போது பயனற்றதாகவும், கால்களை உயர்த்தி இடுப்பை அதனருகே கொண்டுவந்த பின் நம்பகமானதாகவும் மாறும். ஆகவே அது மோசமாகத் தோன்றும் வேளையில்தான் துணிந்து கால் மாற்றிவைக்க வேண்டியிருக்கிறது. இந்த வகையில் மிகவும் சிந்தனைக்குரியது கேஸ்டன். மார்சேயில் பிறந்த பிரெஞ்சு மலையேறி காஸ்தோன் ரெபுஃபாவின் பெயரால் அது வழங்குகிறது. பாறைப் பிளவின் இரு விளிம்புகளையும் பற்றி, சாத்திய இரட்டைக் கதவை இடுக்கில் விரல்விட்டுப் பிளந்து திறப்பவரைப் போல அவர் வெளிநோக்கித் தள்ளி ஏறும் நிலையே பெயருக்குக் காரணம்.

இடப்பக்கத்தை நோக்கியபடி செங்குத்தாக நிற்கும் ஒரு விளிம்பைக் கற்பனை செய்யுங்கள். ஏறுபவர் அதற்கு வலப்புறம் இருந்தால், அதைத் தம்மை நோக்கி இழுத்தபடி உடலை வலப்பக்கம் சாய்ப்பார், அது சைடுபுல். அவரே இடப்புறம் நின்று, முழங்கையை வெளியே தூக்கி, கட்டைவிரல் கீழ்நோக்க அதே விளிம்பை வலப்பக்கமாகத் தள்ளினால் அது கேஸ்டன். போல்ட்டை யாரும் தொடவில்லை. பிடி ஒரு பாகைகூடத் திரும்பவில்லை. உடல் ஒரு முழம் நகர்ந்ததில் பெயர் மாறிவிட்டது. உழைக்கும் தசையும் மாறிவிட்டது. முன்னதில் முதுகு பெரும்பங்கு இழுக்கிறது. பின்னதில் தோள்மூட்டு உள்நோக்கித் திரும்பிய, வலுக்குறைந்த நிலையில் சுமக்கிறது. தோள்வலி உள்ளவர்கள் கேஸ்டனைத் தவிர்க்க வழிதேடுவது கோழைத்தனம் அன்று. பல நேரங்களில் கால்களை அரையடி நகர்த்துவதிலேயே அந்த வழி கிடைத்துவிடுகிறது.

சுவரின் சாய்வும் பெயரை மாற்றும். செங்குத்துச் சுவரில் சுவருக்குச் செங்கோணமாக நீண்டிருக்கும் தட்டையான விளிம்பு, தரைக்கு இணையாக இருக்கும். அதே பிடியை, ஏறுபவரின் தலைக்குமேல் கவியும்படி 40 பாகை முன்சாய்ந்த சுவரில் பூட்டினால், அதன் மேற்பரப்பு 40 பாகை வெளியே சரிந்துவிடும். விளிம்பாக இருந்தது ஸ்லோப்பராகிவிட்டது. செங்குத்துச் சுவரில் உள்நோக்கி 30 பாகை வெட்டுடைய தாராளமான ஜக்கூட, அந்தச் சுவரில் 10 பாகை வெளிச்சரிவோடு நிற்கும். மாறாக, ஏறுபவரைவிட்டு விலகிப் பின்சாய்ந்த சுவரில் கைக்கு ஒன்றுமே தராத புடைப்புகூட நிற்கப் போதுமானது. வால்யூம் எனப்படும் பெரிய மரக்கூம்புகளும் கண்ணாடியிழை உருவங்களும் செய்யும் வேலை இதுதான். அவற்றை விளிம்பில் பற்றலாம், மேலேறி நிற்கலாம், அவற்றின் மேலேயே வேறு பிடிகளைப் பூட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தட்டைச் சுவரின் சாய்வை அந்த இடத்தில் மட்டும் மாற்றிவிடலாம்.

காலுக்குரிய பிடிகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அவை சிறியவை, பலவும் போல்ட் இல்லாமல் திருகாணிகளால் நேரடியாகச் சுவரில் பொருத்தப்படுபவை. நகத்தளவு புடைப்பில் காலணியின் பெருவிரல் நுனியை வைத்து நிற்கக் கற்றுக்கொண்டவருக்கு, கைப்பிடி எந்த வகையாக இருந்தாலும் ஒரு படி எளிதாகிவிடுகிறது. பாதத்தின் நடுவளைவை வைத்து நிற்பவரால் திரும்பவும் முடியாது, எட்டவும் முடியாது. முன்சாய்ந்த சுவரில் கால் தள்ளுவதோடு நிற்காமல், உடலை உள்ளே இழுக்கவும் வேண்டும். அப்போது குதிகாலாலோ முன்பாதத்தின் மேற்புறத்தாலோ கொக்கியிடும் கால்கள் மூன்றாவது கையாகிவிடுகின்றன.

ஒரே போல்ட்டில் நிற்கும் பிடி சுழலக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பக்கவாட்டில் தாவிப் பிடிக்கும்போது பிடி திரும்பிவிட்டால் கையும் சேர்ந்து திரும்பும். ஆகவே நல்ல பாதை அமைப்பாளர்கள் பெரிய பிடிகளின் ஓரத்தில் துணைத் திருகாணிகளை இறக்குகிறார்கள். சுழலும் பிடியைக் கண்டால் கீழே இறங்கிப் பணியாளரிடம் சொல்லிவிடுவது, அடுத்து ஏறப்போகும் முகம் தெரியாத ஒருவருக்குச் செய்யும் உதவி.

போட்டிகளில் பிடிகளின் மொழி இன்னும் கூர்மையானது. பாதி சொரசொரப்பாகவும் பாதி கண்ணாடிபோல வழுவழுப்பாகவும் வார்க்கப்பட்ட இருதரப் பரப்புப் பிடிகள் அண்மைக்காலத்தில் பெருகியிருக்கின்றன. கட்டைவிரல் வைக்கக்கூடிய பக்கத்தை வழுவழுப்பாக்கிவிட்டால் பிஞ்ச் ஸ்லோப்பராகிறது. ஏறுபவர் பாதை அமைப்பவர் எண்ணிய அசைவையே செய்ய வேண்டியிருக்கிறது. கயிற்றைப் பூட்டிக்கொண்டு உயரமான சுவரில் ஏறும் லீட் போட்டியில் மதிப்பெண் பிடிகளைக் கொண்டே எண்ணப்படுகிறது. ஒரு பிடியைத் தொட்டது போதாது. அதைக் கொண்டு உடலைக் கட்டுக்குள் வைத்தால்தான் அந்தப் பிடி கணக்கில் சேரும். பிடி என்பது பெயராக நிற்காமல் வினையாகும் இடம் அது.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் இறுதிப்போட்டியில், தாழ்ந்த சுவரில் கயிறின்றி ஏறும் போல்டர் பிரிவின் முதல் பாதையில் தொடக்கப் பிடிகள் தாவி எட்டவேண்டிய உயரத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 154 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜப்பானின் மோரி ஐ மீண்டும் மீண்டும் தாவியும் அவற்றைப் பற்ற முடியாமல் அந்தப் பாதையில் மதிப்பெண் இன்றித் திரும்பினார். அதே நாளில் லீட் பிரிவில் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் பெற்றவரும் அவர்தான்; மொத்தத்தில் நான்காம் இடம் பெற்றார். ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் தங்கம் வென்றார். பாதை அமைப்பு நியாயமானதா என்ற விவாதம் நெடுநாள் நீடித்தது. உயரத்தை வேறு திறமையால் ஈடுசெய்யும் வாய்ப்பு பாதையின் முதல் அசைவிலேனும் திறந்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஏனெனில் எட்டப்படாத பிடிக்கு எந்த வகைப் பெயரையும் சூட்ட முடியாது.

வேக ஏற்றத்தில் நிலைமை நேர் எதிரானது. 15 மீட்டர் உயரமும் 5 பாகை முன்சாய்வும் கொண்ட அந்தச் சுவரில் 20 பெரிய கைப்பிடிகளும் 11 சிறிய கால்பிடிகளும் உலகெங்கும் ஒரே இடத்தில், ஒரே திசையில் பூட்டப்படுகின்றன. பெரிய பிடிகள் அனைத்தும் ஒரே வடிவம். பாரிஸில் அமெரிக்காவின் சாம் வாட்சன் அந்தச் சுவரை 4.74 விநாடியில் ஏறினார். பிடியை ஆராய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஜப்பானின் நராசாகி தொமோவா தொடக்கப் பகுதியில் இடப்புறமிருந்த ஒரு பிடியைத் தொடாமலே நேராக மேலேறலாம் என்று காட்டியபின், மற்றவர்களும் அந்த வழிக்கு மாறினார்கள். ஆண்டுக்கணக்கில் எல்லோரும் பற்றிவந்த ஒரு பிடி, ஒருவரின் உடல் வேறு கோட்டில் சென்றதால் தேவையற்றதாயிற்று.

இதே உண்மையை அன்றாடம் சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு, ஷெஃபீல்டைச் சேர்ந்த பென் மூன் உருவாக்கிய மூன்போர்டு பொருத்தமான இடம். 40 பாகை முன்சாய்ந்த அந்தப் பலகையில் 11 நெடுவரிசைகளும் 18 கிடைவரிசைகளுமாக 198 இடங்கள் உள்ளன. ஒவ்வோர் அமைப்பிலும் எந்த இடத்தில் எந்தப் பிடி, எந்தத் திசையில் என்பது உலகெங்கும் ஒன்றே. வடிவம், திசை, சாய்வு மூன்றும் அசையாமல் நிற்க, ஏறுபவரின் உடல் மட்டுமே மாறுகிறது. அங்கே பழகியவர்கள் பிடியைக் கிரிம்ப் என்றோ பிஞ்ச் என்றோ சொல்வதைவிட, நெடுவரிசையின் எழுத்தையும் கிடைவரிசையின் எண்ணையும் சேர்த்து முகவரியாகவே சொல்வார்கள். ஒரு பாதையில் இடக்கைக்குச் சைடுபுல்லாக வந்த அந்த முகவரி, அடுத்த பாதையில் வலக்கைக்குக் கேஸ்டனாகவும், மூன்றாவதில் காலூன்றும் இடமாகவும் வந்து நிற்கும்.